கரடிக்கு வசனம் வேண்டாம்

போன வாரம் டீ குடிக்கும்போது, புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: இத்தனை கார்ட்டூனுக்கு வசனம் எழுதியிருக்கிறீர்களே, எல்லாக் காலத்திலும் வந்ததில் எது அருமை, எது படுமோசம்? நான் சிரித்துக்கொண்டே சமோசாவை எடுத்துக்கொண்டேன். பதில் இல்லாமல் இல்லை. ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று எனக்கே தெரியும், உள்ளே மைக் முன்னால் ஒரு பேசும் பூசணிக்காய் காத்துக்கொண்டிருந்தது.

இந்த மாதத்தோடு நான் நம் டப்பிங் ஸ்டூடியோவிலிருந்து ஓய்வு பெறுகிறேன். முப்பது வயதுகூட ஆகாதவனுக்கு என்ன ஓய்வு என்று கேட்காதீர்கள். கழுதைக்கும் மேகத்துக்கும் பல்லு விழுந்த ராட்சசனுக்கும் வாயசைவு பார்த்துப் பார்த்து எழுதியவனுடைய வயதைப் பள்ளிச் சான்றிதழில் தேடக் கூடாது. அடுத்து நானே வரையக் கற்றுக்கொள்ளப் போகிறேன். ஒரு இடத்தில் உட்கார முடியாத பையன் என்று அம்மா சொல்வது உண்மைதான். போவதற்கு முன் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரும்.

நான் சேர்ந்த புதிதில் எனக்கு இதில் சந்தேகமே கிடையாது. கையால் வரைந்த பழைய காலம் சொர்க்கம், செலவைக் குறைக்க ஆரம்பித்த காலம் நரகம், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்த காலம் பொற்காலம், இப்போது வருவது கண்ணுக்கு மிட்டாய். விஸ்காம் படித்தவன் இல்லையா, எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். இதையெல்லாம் பேசிக்கொண்டு திரிந்தவனை ஒரு சனிக்கிழமை காலை உட்கார வைத்தது. அந்தச் சனிக்கிழமையைத்தான் சொல்ல வந்தேன்.

கருவடிக்குப்பம் வீட்டின் மாடியில் நம் ஸ்டூடியோ இப்போது இருப்பது போலத்தான் அப்போதும் இருந்தது. உரிமையாளரும் மதாம்தான், மிக்சிங் செய்பவரும் மதாம்தான். அவரை நாம் எல்லோரும் இந்த ஊர்ப் பிரெஞ்சு வழக்கப்படி மதாம் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம், பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். சென்னையிலிருந்து ஒரு குழந்தைகள் சானல் எங்களுக்கு நான்கு கார்ட்டூன்களை அனுப்பியிருந்தது. நான்கும் வெவ்வேறு காலத்துத் தொடர்கள். கோடை விடுமுறை முழுக்கத் தமிழில் ஓட்ட ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான்கையும் ஒப்பிட்டு எங்கள் கருத்தையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, குடை ரிப்பேர் செய்யும் ஒரு கரடி. என் அம்மா பிறப்பதற்கு முன்னால் யாரோ ஒரு குளிர்தேசத்துக்காரர் நீர்வண்ணத்தில் வரைந்தது. அதில் ஒருவருமே பேசுவதில்லை. முதல் கதையில் ஒரு முள்ளம்பன்றிக் குட்டி தன் குடையைக் கொண்டுவரும், துணியெல்லாம் ஓட்டை. கரடி தைத்துக் கொடுக்கும். மறுநாள் அதே குடை, அதே ஓட்டைகள். மறுபடி தைக்கும். மறுபடி வரும். அப்புறம் கரடி உட்கார்ந்து யோசிக்கும். யோசிக்கும் என்றால் நிஜமாகவே யோசிக்கும். திரையில் அதன் ஒரு காது மட்டும் அசையும், ஜன்னலுக்கு வெளியே மழை கோடு கோடாக இறங்கும். அந்த இடத்தை முதலில் பார்த்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இரண்டாவது, சர்க்கஸிலிருந்து தப்பி ஓடும் இரண்டு கழுதைகள். செலவு குறைந்த காலத்துச் சரக்கு. உடம்பு அசையாது, வாய் மட்டும் திறந்து திறந்து மூடும். பின்னால் ஒரே மரம் திரும்பத் திரும்ப ஓடி வரும். ஒரு காட்சியில் ஒரு கழுதைக்கு வாலே வரையவில்லை, அதை யாரும் கவனிக்கவும் இல்லை. படுமோசம் என்றால் இதுதான் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

மூன்றாவது என் காலத்தது. பறக்கும் லாரியில் உலகைக் காப்பாற்றும் மூன்று அண்ணன் தம்பிகள். அதன் பாட்டு ஆரம்பித்தால் வீட்டுப்பாடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடியவன் நான். அந்த லாரி என்னிடம் பொம்மையாகவும் இருந்தது.

நான்காவது இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் கார்ட்டூன். ஒரு தவளைக்குட்டி தினமும் எதற்காவது பயப்படும். இதைப் போட்டிச் சானல் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்தது, எங்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வந்தது.

சானலில் மேலே யாருக்கோ கரடியின் படம் பிடித்துப்போய்விட்டது. ஏறக்குறைய முடிவான மாதிரிதான். ஆனால் ஊமைப் படமாக விட முடியாது, முழுக்க வசனம் வேண்டும் என்றார்கள். இதன் காரணம் உங்களுக்கும் சீக்கிரம் தெரியவரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். டிவியில் சத்தம் நின்றால் சமையலறையில் இருக்கும் அம்மா எட்டிப் பார்ப்பாராம். எட்டிப் பார்த்தால் அணைத்துவிடுவாராம். அதனால் பேசாத கார்ட்டூனுக்கெல்லாம் நம் தொழிலில் வாய் வைத்துவிடுவார்கள். கரடி நூலை எடுத்தால் ‘நூலை எடுக்கலாமா?’ என்று பேச வேண்டும். மழை பெய்தால் ‘அடடா, மழை பெய்கிறதே!’ என்று சொல்ல வேண்டும்.

நானும் எழுதினேன். நன்றாகவே எழுதினேன் என்றுதான் நினைத்தேன். கரடிக்குக் குரல் கொடுக்கப் போவது செல்வி அக்கா.

செல்வி அக்காவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அன்றைக்கு அவர் வேறு நிலையில் இருந்தார். அப்பா மில் தொழிலாளியாக இருந்து, மில் மூடியதும் ஆட்டோ ஓட்டியவர். அக்கா ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடித்துக்கொண்டே விடுமுறை நாட்களில் எங்களிடம் வருவார். அதுவரை அவருக்குக் கிடைத்ததெல்லாம் கும்பல் குரல். ‘ஐயோ, ஓடுங்க’, ‘ராஜா வாழ்க’, இருட்டில் அழும் குழந்தை, சந்தையில் கோழி. கதாநாயகக் குரல் என்று கரடிதான் முதல் தடவை. விடுமுறை முழுக்க தினமும் பதிவு இருக்கும் என்பதால் கடையை விட்டுவிட்டார். என் வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டார். ஸ்கூட்டரில் வரும்போது கரடியாகப் பேசிக்கொண்டே வருவதாகவும், சிக்னலில் பக்கத்தில் நிற்பவர்கள் நகர்ந்து நிற்பதாகவும் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் சானலிலிருந்து ஒரு அம்மையார் நேரில் வருவதாக ஏற்பாடு. அவர் முன்னால் அக்கா ஒரு காட்சி பேசிக் காட்ட வேண்டும், அவர் தலையாட்டிவிட்டுப் போவார். அவ்வளவுதான் பாக்கி.

மதாமின் பழக்கம் ஒன்று உங்களுக்குத் தெரியும். வசனம் எழுதுவதற்கு முன்னால் படத்தைத் தெருப் பிள்ளைகளுக்குச் சத்தமில்லாமல் போட்டுக் காட்டுவது. எந்த இடத்தில் ‘ஏன்?’ என்று கேட்கிறார்களோ அந்த இடத்தில் வசனம் தேவை. கேட்காத இடத்தில் தேவையில்லை. இந்த முறை சானல் அவசரப்படுத்தியதால் அதைச் செய்யாமலே எழுதிவிட்டேன். காலையில் மதாம் கன்சோல் முன்னால் உட்கார்ந்தபடி, வழக்கத்தை விட வேண்டாம், பிள்ளைகளைக் கூப்பிடு, நான்கையும் காட்டலாம் என்றார். சடங்குக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு பாய் விரித்தேன்.

முதலில் என் பொற்காலத்தைப் போட்டேன், ஆசையாக. லாரி மேகத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது, மூன்று பேரும் கைகோத்து நின்றார்கள். ஒரு பையன் திரும்பி, “இது முடிஞ்சப்புறம்தான் கார்ட்டூன் வருமா?” என்று கேட்டான். விளம்பரம் என்று நினைத்திருக்கிறான். நான் மறுத்துப் பேச வாயெடுத்துவிட்டு அந்தப் படத்தை அவன் கண்ணால் பார்த்தேன். லாரியை மேலிருந்து காட்டுகிறார்கள், கீழிருந்து காட்டுகிறார்கள், கதவு திறப்பதைத் தனியாகக் காட்டுகிறார்கள். அண்ணன் தம்பிகளுக்குள் ஒரு சண்டைகூட வரவில்லை. பொம்மை விற்க எடுத்த படத்தில் நான் என் பிள்ளைப்பருவத்தை வைத்திருக்கிறேன். அது பரவாயில்லை, வைத்ததை எடுத்துக்கொண்டுவிட்டேன். ஆனால் பிடித்ததும் சிறந்ததும் ஒன்றல்ல என்று அந்தப் பையன் ஒரே கேள்வியில் முடித்துவிட்டான்.

தவளைக்குட்டி எனக்கு இன்னொரு குட்டு வைத்தது. இப்போது வருவதெல்லாம் குப்பை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தத் தவளை கடைசிவரை பயத்தை வெல்வதில்லை. பயத்தோடேயே பள்ளிக்கூடம் போகிறது. பழைய கார்ட்டூன் எதிலும் பிள்ளைகளுக்கு அந்த அனுமதி கிடையாது. பாயில் இருந்தவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள். ஒரே குறை, எந்தக் காட்சியையும் ஒரு மூச்சு நேரம்கூட நிற்க விடுவதில்லை, பார்ப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

கழுதைகளுக்குக் கேள்வி மழை. அது ஏன் ஓடுது, யாரு துரத்துறா, எதுக்கு சிரிக்குது, வால் எங்க போச்சு. விட்டால் என் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பார்கள்.

பிறகு கரடி.

ஒரு கேள்வியும் வரவில்லை. முள்ளம்பன்றி மூன்றாவது தடவை ஓட்டைக் குடையோடு வந்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள். கரடி யோசிக்க ஆரம்பித்தது. காது அசைந்தது. மழை இறங்கியது. பாயில் ஒருவரும் அசையவில்லை. எதிர்வீட்டுத் தேன்மொழி, ஒன்றாவது படிக்கிறவள், மெதுவாகச் சொன்னாள்: “அதோட முள்ளுதான் குத்துது.” பக்கத்தில் இருந்தவன், “அப்ப முள்ளை வெட்டணும்” என்றான். “வலிக்கும்டா. பஞ்சு வெச்சா குத்தாது” என்றாள். திரையில் கரடியின் கை அப்போதுதான் பஞ்சுப் பொதிக்குப் போனது. தேன்மொழி என்ன செய்தாள் என்கிறீர்கள்? கத்தவில்லை. கரடி தன் பேச்சைக் கேட்டுவிட்டது என்பது போல ஒரு தடவை தலையாட்டிக்கொண்டாள்.

அந்த இடத்தில் நான் எழுதியிருந்த வசனம்: ‘ஆகா! முள் நுனியில் பஞ்சு வைத்தால் எப்படி இருக்கும்!’

திரும்பினேன். மதாம் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. சானல் அம்மையாரிடம் சொல்ல வேண்டும் என்றேன். “அது அப்புறம். மொதல்ல செல்விகிட்ட சொல்லு” என்றார். எனக்கு அவரே சொன்னால் தேவலாம் என்றிருந்தது. அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டுவிட்டார்.

அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். பதிவு நாளில் தொண்டையை அப்படிப் பார்த்துக்கொள்வார். நான் பிள்ளைகள் பார்த்ததைச் சொன்னேன், பஞ்சைச் சொன்னேன், கரடி பேசினால் தேன்மொழிக்குப் பேச இடமில்லை என்று சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

“அதாவது நான் வாயத் தொறக்கலன்னா படம் நல்லாருக்கும். அதானே?”

“நீங்க இல்லக்கா, நான் எழுதினது...”

“எழுதினது நீ. மூடிக்கிட்டுப் போவப்போறது நான். கும்பல்ல நின்னு ஐயோ ஓடுங்கன்னு கத்தினப்பல்லாம் எவனும் வந்து வசனம் வேணாம்னு சொல்லல ரைட்டரு. ஹீரோ குடுத்தப்புறம்தான் ஒனக்குக் கலை தெரியுதா?”

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன், மற்றதெல்லாம் கார்ட்டூன். நல்ல முடிவு என்று ஒன்று தோன்றினால், அது யாருடைய வயிற்றில் அடிக்கிறதோ அவரிடம் முதலில் சொல்லுங்கள். மேலிடத்தில் சொல்லிவிட்டுப் பிறகு ஆறுதல் சொல்லப் போகாதீர்கள். அவர் திட்டுவார். திட்டு வாங்கிக்கொண்டு அங்கேயே நில்லுங்கள். நான் நின்றேன், வேறு என்ன செய்வதென்று தெரியாததால்.

உள்ளே வந்து ஒரு தடவை பாருங்களேன் என்று கூப்பிட்டேன். மாட்டேன் என்றார். பார்த்தால் வாய் தானாகப் பேசிவிடும் என்றார். கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனதும் அக்கா கேட்டார்:

“நீ மட்டம் மட்டம்னு சொல்லிக்கிட்டிருந்தியே, அது எது?”

“கழுதைங்க.”

“அதுக்குப் புள்ளைங்க எதனா கேட்டுச்சுங்களா?”

“கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்க.”

“அப்ப அதுக்குத்தான்டா ஆளு வேணும்.” எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். “அதைப் போடு.”

சானல் அம்மையார் பீச் ரோட்டில் சாப்பிட்டுவிட்டு வருவதாகப் போன் செய்திருந்தார். அந்த இடைவெளிதான் எங்களுக்கு. எழுத நேரமில்லை. அக்கா மைக் முன்னால், நான் பக்கத்தில் முட்டி போட்டு, திரையைப் பார்த்துக் காதில் சொல்லச் சொல்ல அவர் பேசினார். கொஞ்ச நேரத்தில் நான் சொல்வதைக் கேட்பதை விட்டுவிட்டார். அவர் நாத்தனார் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறையில் ஏலம் எடுத்துப் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவர். ஒரு கழுதை நாத்தனாராகிவிட்டது. இன்னொன்று எதற்கெடுத்தாலும் முனகும், அது நான்தான் என்று பிறகு சொன்னார்.

வாயை வெறுமனே திறந்து மூடும் கார்ட்டூனில் ஒரு வசதி இருக்கிறது. எந்தச் சொல்லும் அதில் பொருந்தும். நன்றாக வரைந்த வாய் தன் சொல்லைத் தானே வைத்திருக்கும், உங்களைக் கிட்டே சேர்க்காது. மட்டமாக வரைந்த வாய் காலி வீடு மாதிரி, யாரும் குடியேறலாம். அந்த ஒரே மரம் திரும்பத் திரும்ப வந்ததே, அங்கே முனகல் கழுதை, “இந்த மரத்த எங்கியோ பாத்த மாதிரி இருக்கே” என்றது. நாத்தனார் கழுதை திரும்பிக்கூடப் பார்க்காமல், “நம்ம கூடவேதான் ஓடியாருது. அதுக்கும் சேத்து டிக்கெட் எடுத்தியா?” என்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மதாம் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். வாலைக் காணாத காட்சிக்கு அக்கா என்ன பேசினார் என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள், எழுதினால் கெட்டுவிடும்.

அம்மையார் வந்தார். முதலில் கரடியைத்தான் கேட்டார். மதாம் என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்று, கரடிக்கு வசனம் வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள் என்றேன். காரணத்தைச் சொன்னேன், தேன்மொழியைச் சொன்னேன். அவர் கோபக்காரர் இல்லை. முழுக்கக் கேட்டார்.

“நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம். ஆனா சத்தமில்லாத கார்ட்டூனை எங்க ஆபீஸ்ல யாருக்கிட்ட கொண்டுபோய் நான் காட்டறது?”

பிறகு கழுதைகளைப் போட்டோம். ஆரம்பத்தில் நெற்றியைச் சுருக்கினார், இது எந்த ஊர்த் தமிழ் என்று கேட்டார். ஓடுகிற கழுதையின் தமிழ் என்றார் மதாம். மரம் வந்த இடத்தில் அம்மையார் சிரித்துவிட்டார், சிரித்தது தெரியக்கூடாது என்று தண்ணீர் பாட்டிலை எடுத்தார். முடிந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார். வசனத்தோடு கரடி என்றால் விடுமுறை முழுக்க ஓடும், இப்போதே முடிவு. கழுதை என்றால் சில வாரம் சோதனைக்கு ஓட்டிப் பார்ப்பார்கள், பிடிக்காவிட்டால் நிறுத்திவிடுவார்கள். பேசாத கரடி கிடையாது. எது என்று எங்களையே சொல்லச் சொன்னார்.

நான் அக்கா பக்கம் திரும்பினேன். கடையை விட்டு வந்தது நான் இல்லை. விடுமுறை முழுக்க உறுதியான வேலை ஒரு பக்கம், எப்போது வேண்டுமானாலும் நிற்கக்கூடியது ஒரு பக்கம். கரடியே என்று அக்கா சொன்னால் அந்த வசனத்தை நானே திருத்திக் கொடுப்பது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். கண்ணாடியைப் பார்த்தபடி அக்கா நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கணக்கு தெரியாமல் இல்லை.

“கழுதையே போடுங்க மேடம். அதுங்க ரெண்டும் வாயில வந்து ஒக்காந்துடுச்சிங்க. இனிமே துப்ப முடியாது.”

கழுதைகள் விடுமுறை முடிந்தும் ஓடியது உங்களுக்குத் தெரியும். அதைக் கேட்டு வளர்ந்ததாக உங்களில் ஒருவரே சேரும்போது சொன்னீர்கள், அக்காவுக்கு அன்றைக்குச் சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை. கரடி திரும்பிப் போய்விட்டது. தமிழில் மட்டுமில்லை, எந்த மொழியிலும் அதை இங்கே யாரும் ஓட்டவில்லை. நான் பார்த்ததிலேயே அருமையான கார்ட்டூனைக் கருவடிக்குப்பத்தில் ஒரு பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் மட்டும் பார்த்தார்கள். வசனத்தோடாவது நாலு ஊர்ப் பிள்ளைகள் பார்த்திருக்கலாமே என்று சில நாள் தோன்றும். சில நாள் தோன்றாது. அதற்கு என்னிடம் தீர்ப்பு இல்லை. நீங்கள் என் நாற்காலியில் உட்காரும்போது வேறு மாதிரி முடிவெடுக்கலாம்.

அன்று மாலை அம்மையார் கிளம்பிய பிறகு எல்லோரும் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். செல்வி அக்கா தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து பாயில் உட்கார்ந்தார். கரடியைப் போடச் சொன்னார். மதாம் போட்டார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். முள்ளம்பன்றி வந்தது, போனது, வந்தது. கரடி யோசிக்க ஆரம்பித்தது. மழை இறங்கியது. பார்த்தால், அக்காவின் உதடு அசைந்துகொண்டிருக்கிறது. நான் எழுதிய வசனம்தான், ஒரு சொல் விடாமல், சத்தம் மட்டும் இல்லாமல். பஞ்சு வரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் உதடு நின்றது. அதற்குப் பிறகு அவர் சும்மா பார்த்தார், வாய் கொஞ்சம் திறந்தபடி, படம் முடியும்வரை.

எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“நல்லாத்தான் இருக்கு” என்றார். “அதான் ஆத்திரமா வருது.”